ஏலக்காட்டில் அழியும் தடயங்கள்

கட்டப்பனை விரைவு சிறப்புக் கோர்ட்டில் 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ந் தேதி ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டது. வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயம் ஒன்றில் 6 வயதுச் சிறுமி இறந்த வழக்கு அது.

2021-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி அந்தக் குழந்தை வீட்டுக்குள் கழுத்து இறுகித் தொங்கிய நிலையில் காணப்பட்டாள். வேலைக்குப் போன தாய் தகப்பன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்து விட்டது. விளையாடும் போது கயிறு கழுத்தில் மாட்டிக் கொண்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் பிரேத பரிசோதனை வேறு விதமாகச் சொன்னது. குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தாள். சில நாட்களில் அக்கம்பக்கத்தில் வசித்த வாலிபர் ஒருவர் கைதானார். வழக்கு நடந்தது. சுமார் இரண்டரை ஆண்டு கழித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

விடுதலைக்கு கோர்ட்டு சொன்ன காரணங்கள்தான் முக்கியமானவை. விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கு மறுநாள்தான் போனார். தடயங்களைச் சேகரித்ததில் குறைகள் இருந்தன. கைரேகை போன்ற சாட்சியங்கள் அறிவியல் முறைப்படி எடுக்கப்படவில்லை. தீர்ப்பை எதிர்த்து அரசு ஹைகோர்ட்டில் அப்பீல் செய்தது. அந்த அதிகாரி 2024-ல் சஸ்பெண்டு செய்யப்பட்டார்.

குழந்தையின் பெயரை யாரும் வெளியிடக் கூடாது என்பது சட்டம். பெயர் வெளியே வராமல் காக்க ஏற்பாடு இருக்கிறது. அவள் கடைசியாக இருந்த அறையைக் காக்கத்தான் அன்று யாரும் இல்லை.

தடயம் என்பது குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதிக் கதைதான். குற்றம் செய்யாதவரை விடுவிப்பதும் அதே தடயம்தான். அலமாரிக் கதவிலோ ஜன்னல் கட்டையிலோ ஒரு ரேகை கிடைத்திருந்தால், கைதானவர் மேல் குற்றம் உறுதியாகி இருக்கும். அல்லது முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டும் நடக்காமல் போனது. பெற்றவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை.

கம்பத்து ஜீப்பும் காட்டுப் பாதையும்

வண்டிப்பெரியாற்றிலிருந்து குமுளி வந்து மேலே ஏறினால் சக்குபள்ளம் பஞ்சாயத்து. இங்கே ஏலக்காய்தான் பிரதானம். அணக்கரை கடைவீதியைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏலக்காடு. செல்லார்கோவில் மேட்டில் நின்றால் கீழே தமிழ்நாட்டுச் சமவெளி விரித்த பாய் போலத் தெரியும். அந்தச் சமவெளியிலிருந்து, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து, தினமும் காலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக் கொண்டு மலை ஏறுகின்றன. மாலையில் அதே ஜீப்புகள் இறங்குகின்றன. இது தவிர லயங்களிலும் தோட்டத்து வீடுகளிலும் தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்கள் வேறு.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குற்றம் நடந்தால் அதை முதலில் பார்ப்பவர் போலீஸ்காரர் அல்ல. களை எடுக்கப் போன பெண்ணோ, காய் எடுக்கப் போன கூட்டமோ, ஓடைக்குத் தண்ணீர் மோட்டார் போடப் போனவரோதான் பார்ப்பார். அவர் சத்தம் போட்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். கங்காணி வருவார். பஞ்சாயத்து மெம்பர் வருவார். போலீஸ் ஜீப்பு வளைவு வளைவாக ஏறி வந்து சேருவதற்குள் ஐம்பது ஜோடிக் கால்கள் அந்த இடத்தை மிதித்து விடும். இப்போது கையில் போனும் இருக்கிறது. படம் எடுக்க இன்னும் கிட்டத்தில் போகிறார்கள்.

காடும் தடயத்துக்கு உதவுவதில்லை. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். மர நிழலில் சருகு மெத்தை மாதிரி கிடக்கிறது. சருகில் கால் தடம் நிற்காது. ஈரமான ஒற்றையடிப் பாதையில் அழகாகப் பதியும். ஆனால் ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் அது அரை மணி நேரம்கூட நிற்காது. ரத்தக் கறையும் அப்படித்தான். ஏலக்காய் எடுப்பு மும்முரமாகத் தொடங்குவதும் இந்த மழையோடு மழையாகத்தான்.

இத்தனைக்கும் கால் தடத்தைக் காப்பாற்ற பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. ஒரு சட்டியோ பக்கெட்டோ கவிழ்த்து வைத்தால் போதும். மழை நிற்கும் வரை தடம் பத்திரமாக இருக்கும். நிபுணர்கள் வந்து பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுப்பார்கள். பிறகு பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் அச்சாக எடுத்துக் கொள்வார்கள். செருப்பின் தேய்மானம், ஆணி, கீறல் எல்லாம் அந்த அச்சில் இருக்கும். ஒரே கடையில் வாங்கிய இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு ஒரே மாதிரித் தேய்வதில்லை.

தோட்டத்தில் கிடைத்த கட்டைவிரல்

கைரேகையின் கதை தொடங்கிய காலத்தில் ஒரு டீ எஸ்டேட் இருக்கிறது. 1897-ல் வங்காளத்தில் ஜல்பாய்குரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜர் கழுத்து அறுக்கப்பட்டுக் கிடந்தார். பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. பணம் போயிருந்தது.

சந்தேகம் முதலில் யார் மேல் போகும் என்று தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை வாங்குவதில் கண்டிப்பான மேனேஜர், ஆகவே கூலிகள் மேல் சந்தேகம். சமையல்காரன் துணியில் ரத்தத் துளி, ஆகவே அவன் மேல் சந்தேகம். அந்தப் பக்கம் சுற்றித் திரிந்த காபூல்காரர்கள் மேலும் சந்தேகம்.

உடைந்த பெட்டிக்குள் கிடந்த காகிதங்களோடு ஒரு வங்காளிப் பஞ்சாங்கம் இருந்தது. அதன் அட்டையில் மங்கலாகப் பழுப்பு நிறத்தில் இரண்டு கறைகள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அதில் ஒன்று கட்டைவிரல் ரேகை. அதே ஆண்டுதான் கல்கத்தாவில் உலகத்தின் முதல் கைரேகைக் காரியாலயம் திறக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். முன்பு அதே மேனேஜரிடம் திருடி ஜெயிலுக்குப் போன வேலைக்காரன் காங்காலி சரணின் வலது கட்டைவிரலோடு அது பொருந்தியது. தோட்டத் தொழிலாளர்களும் சமையல்காரனும் தப்பினார்கள்.

1898-ல் நடந்த விசாரணையில் திருட்டுக் குற்றத்துக்குத்தான் அவனுக்குத் தண்டனை கிடைத்தது. கொலையைக் கண்ணால் கண்டவர் இல்லாததால் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. ஒரு ரேகையை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் கோர்ட்டு அன்றே ஜாக்கிரதையாக இருந்திருக்கிறது.

(கல்கத்தாவில் ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கியதில் பெரும் பங்கு அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய சப்-இன்ஸ்பெக்டர்களுடையது. அந்த முறைக்குப் பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி ஹென்றி துரையின் பெயர்தான்.)

அந்தப் பஞ்சாங்கத்தை யாரும் தூசி தட்டி எடுத்து வைக்கவில்லை. அதனால்தான் ரேகை பிழைத்தது. இன்றைக்கும் நிலைமை அதுவே. விரல் பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். வழவழப்பான சாமான் மேல் நிபுணர்கள் மெல்லிய பிரஷ்ஷால் பொடி தூவினால் கோடுகள் எழும்பும். காகிதமாக இருந்தால் நின்ஹைட்ரின் என்ற மருந்து தடவுவார்கள். ஊதா நிறத்தில் ரேகை வரும். ஈரமான சாமான் மேல் பொடி தூவினால் சேறாகிவிடும், ஆகவே முதலில் உலர வேண்டும். பனி இறங்கும் மலையில் இதற்கே பொறுமை வேண்டும். கைத்துண்டால் அழுத்திப் பிடித்து எடுத்தாலும் ரேகை கலைந்து விடும். கையில் துணி சுற்றி இருக்கிறதே என்று நினைப்பது தவறு.

கத்தி பிடித்து, களை பறித்து, உரம் அள்ளி வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்து போவதும் உண்டு. ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் எடுக்காமல் அலைந்தவர்களுக்கு இது தெரியும். தோல் மேலோட்டமாகத் தேய்ந்திருந்தால், வேலையை விட்ட கொஞ்ச நாளில் அதே ரேகை, அதே வளைவு, அதே சுழியோடு திரும்ப வளரும். மாறி வளராது.

அன்பினால் அழிவது

குற்றம் செய்தவன் தடயத்தை அழிப்பது எதிர்பார்க்கக் கூடியது. ஆனால் அவனைவிட அதிகம் அழிப்பவர்கள் இறந்தவருடைய சொந்தக்காரர்களே. வேண்டுமென்று செய்வதில்லை. தொங்கும் உடலைக் கண்டால் இறக்காமல் இருக்க மனம் கேட்காது. கலைந்த துணியைச் சரி செய்வார்கள். முகத்தைத் துடைப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தரையைக் கழுவி விடுவார்கள், போலீஸ்காரர் வரும் வீடு அலங்கோலமாக இருக்கக் கூடாது என்று. அந்த ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வழக்கே போய்விடலாம்.

உயிர் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் தடயத்தை நினைத்துக் கொண்டு நிற்கக் கூடாது. உடனே இறக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஆனால் முடிச்சை அவிழ்க்காமல் வேறு இடத்தில் கயிற்றை அறுத்தால் முடிச்சு அப்படியே மிஞ்சும். முடிச்சு போட்ட விதம், கழுத்தில் கயிறு பதிந்த தடம் சாய்வாக ஏறுகிறதா, குறுக்காக ஓடுகிறதா, உத்தரத்தில் தூசி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று டாக்டரும் நிபுணரும் பார்ப்பது பல. தானாகத் தொங்கியதா, பிறர் தொங்கவிட்டதா என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஏலக்காட்டில் இன்னொரு வகைச் சாவு உண்டு. பூச்சி மருந்து. எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஒரு பாட்டில் இருக்கும். குடித்து இறந்தவர் தானே குடித்தாரா, கொடுக்கப்பட்டதா என்பது பாட்டில், டம்ளர், மிச்சம் இருக்கும் சாப்பாடு, வாந்தி பட்ட துணி இவற்றால் தெரியலாம். இதில் டம்ளர் முதலில் கழுவப்பட்டுவிடுகிறது. பிரேத பரிசோதனையில் எடுக்கும் உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் போட்டு ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பார்மலினில் போட்டால் பல விஷங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கேரளத்தில் இந்த வேலைக்குத் தனி ரசாயனப் பரிசோதனைக் கூடம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் அதன் கிளைகள் உண்டு. (சென்னை ராஜதானியில் இப்படி ஒரு கூடம் 1849-லேயே வந்துவிட்டது.)

கேரளப் போலீசின் தடய அறிவியல் கூடம் 1961-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. ரத்தம், முடி, நார், துப்பாக்கி, கையெழுத்து என்று தனித்தனிப் பிரிவுகள். மரபணுச் சோதனையை நம் நாட்டுக் கோர்ட்டு முதன் முதலில் ஏற்றதும் இதே கேரளத்தில்தான், தலைச்சேரியில், 1989-ல், ஒரு குழந்தைக்குத் தகப்பன் யார் என்ற வழக்கில். அறிவியலுக்கு இந்த மாநிலத்தில் குறைவில்லை. அணக்கரைக் காட்டிலிருந்து அந்தக் கூடம் வரை சாமான் ஒழுங்காகப் போய்ச் சேருவதில்தான் சங்கடம்.

உதாரணத்துக்கு, மழையில் நனைந்த ரத்தக் கறைச் சட்டை. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் இரண்டு நாளில் பூசணம் பிடித்து நாறும். ரத்த வகையும் தெரியாது, மரபணுவும் கிடைக்காது. நிழலில் உலர்த்தி, தனித்தனியாகக் காகித உறையில் போட வேண்டும். வெயிலில் காயப் போடுவதும் கெடுதல். இரண்டு பேருடைய துணியை ஒரே பையில் திணித்தால் ஒன்றில் இருப்பது மற்றதில் ஒட்டும். பிறகு எது யாருடையது என்று எந்த விஞ்ஞானியாலும் பிரிக்க முடியாது. ஏலக்காயை நிறம் கெடாமல் உலர்த்தத் தெரிந்த ஊருக்கு இதை விளக்க வேண்டுமா?

புதைத்த பாம்பு எழுந்து வந்தது

ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கேரளத்திலேயே சான்று இருக்கிறது. கொல்லம் மாவட்டத்தில் அஞ்சல் என்ற ஊரில் 2020-ம் ஆண்டு மே மாதம் உத்ரா என்ற இளம்பெண் தாய் வீட்டில் தூங்கிய இடத்தில் நல்ல பாம்பு கடித்து இறந்தார். இரண்டு மாதத்துக்கு முன் கணவன் வீட்டிலும் பாம்பு கடித்துப் பிழைத்தவர். அறைக்குள் இருந்த பாம்பை அடித்துப் புதைத்து விட்டார்கள். விதி என்று பேசி முடித்திருக்கலாம்.

பெற்றோர் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தார்கள். போலீசார் புதைத்த பாம்பைத் தோண்டி எடுத்து, அதற்கும் பரிசோதனை நடத்தினார்கள். பல்லின் இடைவெளியை அளந்தார்கள். உடலில் இருந்த பல் தடங்களின் இடைவெளி, பாம்பு தானாகக் கடித்தால் பதியும் அளவைவிட அகலமாக இருந்தது. தலையை அமுக்கிப் பிடித்துக் கடிக்க வைத்தால்தான் அப்படிப் பதியும் என்பதைப் பொம்மை வைத்து, உயிருள்ள பாம்பைக் கொண்டே சோதித்துக் காட்டினார்கள். 2021 அக்டோபரில் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது. பேசும் சாட்சி ஒருவரும் அந்த அறையில் இருக்கவில்லை.

அஞ்சலிலும் முதல் நாள் எல்லாம் தவறாகத்தான் போனது. பாம்பைக் கொன்றார்கள், புதைத்தார்கள். ஆனால் புதைத்த இடம் தெரிந்தது, தோண்ட முடிந்தது. கழுவிய தரையைத் தோண்ட முடியாது.

சீல் சொல்லும் கதை

தடயம் கிடைத்தால் மட்டும் போதாது. அதே தடயம்தான் பரிசோதனைக்குப் போனது என்று கோர்ட்டு நம்ப வேண்டும். எடுத்த இடத்திலேயே உறையில் போட்டு, அரக்கு வைத்து, சீல் குத்தி, சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். எந்த சீல் குத்தப்பட்டது என்று மாதிரி ஒன்று மகஜரிலும், பரிசோதனைக்கு அனுப்பும் கடிதத்திலும் இருக்க வேண்டும். அங்கே பிரிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பிரிப்பார். மாதிரி சீல் இல்லை என்ற ஒரே குறைக்காகக் கேரள ஹைகோர்ட்டு விடுதலை செய்த சாராய வழக்குகள் ஏராளம். ரயிலில் பார்சல் அனுப்பியவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். சீல் உடைந்து வந்த மூட்டைக்குள் இருந்தது என்ன என்று யார் சத்தியம் செய்தாலும் எடுபடாது.

இந்த மகஜர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது. இடத்தைப் பார்த்து எழுதுவதற்கும் சாமானைக் கைப்பற்றுவதற்கும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களைத்தான் சாட்சியாக வைப்பார்கள். தோட்டத்தில் அக்கம்பக்கம் என்றால் தமிழ்த் தொழிலாளி. மகஜர் எழுதப்படுவது மலையாளத்தில். பேச்சு மலையாளம் நன்றாகத் தெரிந்தவருக்கும் எழுத்து தெரியாமல் இருக்கலாம். ஜீப்பு புறப்படும் நேரம். கூலி வாங்க வேண்டும். காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு இறங்கி விடுகிறார். ஆண்டுகள் கழித்து சம்மன் வரும். வக்கீல் எழுந்து, கத்தி எங்கே கிடந்தது, செடிக்கு மேல் பக்கமா கீழ்ப் பக்கமா, எத்தனை மணி என்று கேட்பார். என்ன எழுதியிருந்தது என்றே தெரியாதவர் என்ன சொல்வார்? வழக்கு அங்கே ஆட்டம் காண்கிறது. இதில் அவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

குறை எல்லாவற்றையும் போலீசார் தலையில் போடுவதும் நியாயம் இல்லை. ஒரு ஸ்டேஷனின் எல்லைக்குள் எத்தனை மலை, எத்தனை மண் பாதை என்பது அதில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு போலீஸ்காரரை வாசலில் காவலுக்கு நிறுத்தி, கதவைப் பூட்டி வைப்பதற்கு விஞ்ஞானம் வேண்டியதில்லை. மறுநாள் போவதற்கு மலையைக் காரணம் காட்ட முடியாது.

2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய நிபுணரே சம்பவ இடத்துக்கு வர வேண்டும், தடயம் எடுப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது 176-வது பிரிவு. ஆனால் எந்தத் தேதியிலிருந்து என்பதை மாநில அரசு 5 ஆண்டுக்குள் அறிவித்துக் கொள்ளலாம் என்று அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தன்னிடம் வசதி இல்லாத மாநிலம், வசதி வரும் வரை வேறு மாநிலத்தின் வசதியைப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. சாமான்களைக் கைப்பற்றுவதையும், சாட்சிகள் கையெழுத்துப் போடுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது 105-வது பிரிவு.

ஆகவே இனி மகஜரில் கையெழுத்துப் போடும் தொழிலாளியின் முகமும் குரலும் பதிவாகும். தனக்குத் தமிழில் படித்துச் சொல்லும்படி அவர் அப்போதே கேட்கலாம். கேட்டதும் அந்தப் பதிவில் இருக்கும். படித்துச் சொன்னது தான் பார்த்ததோடு ஒத்துப் போகவில்லை என்றால், கையெழுத்துக்கு முன் திருத்தச் சொல்லலாம். ஜீப்பு பத்து நிமிடம் காத்து நிற்கட்டும்.